உளப்பிளவு நோயும் எண்ணிக்கையில் வராத மீட்சிகளும்

எமது பேச்சுவழக்கில் 'அங்கொடை' என்பது ஓர் ஊரின் பெயர் மாத்திரமல்ல, ஒரு வசையும்கூட. பள்ளிக்கூட மைதானத்தில் சண்டை பிடிக்கும் சிறுவர்களும் தேர்தல் காலத்தில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் பெரியவர்களும் 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். 1926ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்ட மனநோய் வைத்தியசாலைக்கு 2008இல் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் சூட்டப்பட்டது. வசை மட்டும் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது நானும் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தியவன்தான். அந்த வசைக்குரியவர் என்று ஊரார் கருதிய ஒருவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே உருவான பிறகுதான் என் வாய் அடங்கியது.

சில வருடங்களுக்கு முன்னர், என்னிடம் வரலாறு படித்த மாணவன் ஒருவனின் தாய் வீடு தேடி வந்தார். உயர்தர வகுப்பில் கெட்டிக்காரனாக இருந்த அவரது மகன் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத யாருடனோ பேசுகிறானாம். சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாகச் சொல்லிப் பீங்கானைத் தள்ளிவிடுகிறானாம். வைத்தியர் நோயின் பெயரை எழுதிக் கொடுத்த துண்டை அந்தத் தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அவிழ்த்துக் காட்டினார். 'ஸ்கிசோஃப்ரீனியா' என்றிருந்தது.

"சேர், நீங்க வரலாறு படிப்பிச்ச ஆள். இந்த வருத்தம் வந்த ஆக்கள் சுகமான வரலாறு எங்கயாவது இரிக்கா?"

"துஆச் செய்யுங்க, அல்லாஹ் சுகப்படுத்துவான்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அந்தச் சொல்லில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு. அவர் ஒரு சாட்சியைக் கேட்டார். அந்தச் சாட்சி என் வீட்டிலேயே இருந்தது. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த வெட்கமே என்னை இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

சாச்சா

என் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, 1974இல் நோயில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 22. வட்டையில் வாப்பாவுடன் வேளாண்மை செய்துகொண்டிருந்தவர். அறுவடைக் காலத்தில் ஒருநாள், வாய்க்கால் தண்ணீர் தன் பெயரைச் சொல்லி அழைப்பதாகக் கூறினார். பிறகு தூக்கம் போயிற்று. பிறகு அயலவர்கள் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகக் கத்தத் தொடங்கினார்.

வாப்பும்மா செய்யாத வைத்தியமில்லை. நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், ஜின் பிடித்திருப்பதாகச் சொன்ன ஒருவர் மிளகாய்ப் புகை போட்டார். ஒரு மழைநாளில் சாச்சா கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். அதன் பின்னர் வாப்பா அவரை மாட்டுக்குப் போடும் சங்கிலியால் பின்கட்டுத் தூணில் கட்டிவைத்தார். எத்தனை நாட்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கணக்குச் சொன்னதில்லை. வாப்பா மௌத்தாகும்வரை அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பின்னர் இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் சாச்சா திரும்பி வந்தார். உடம்பு பருத்து, கை நடுங்கி, பேச்சுக் குறைந்திருந்தது. ஆனால் சத்தங்கள் தணிந்திருந்தன. வாப்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிக் குளிசை வாங்கிவருவார். மூன்றாம் வருடத்தில் சாச்சா மீண்டும் வட்டைக்குப் போனார். முதலில் வரம்பில் உட்கார்ந்திருக்க மட்டும், பிறகு கிளி விரட்ட, பிறகு நீர் கட்ட. பத்து வருடங்களில் எங்கள் காணியின் நெல்மூட்டைக் கணக்கு முழுவதும் அவர் கையிலேயே இருந்தது. அவர் கணக்கில் ஒரு மூட்டை தவறியதில்லை.

ஒரு பெயரின் வரலாறு

இந்நோய்க்கு நவீன மருத்துவம் வைத்த முதற்பெயரே நம்பிக்கையற்றதாக இருந்தது. ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் பேராசிரியராயிருந்த எமில் கிரேபெலின், 1899இல் வெளிவந்த தமது பாடநூலின் ஆறாம் பதிப்பில் பெரும் மனநோய்களை இரண்டாக வகுத்தார். மனவெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோய் ஒன்று. அது வந்து போகும். மற்றது 'டிமென்ஷியா பிரீகொக்ஸ்', அதாவது இளமையிலேயே வந்துவிடும் புத்தித் தேய்வு. இரண்டாவது வகையினரிற் பெரும்பாலோர் படிப்படியாகத் தேய்ந்து போவார்கள் என்பது அவரது முடிவு. ஒரு சிறு பங்கினர் தேறியதை அவரும் பதிந்திருந்தார். ஆயினும் நோயின் பெயரே அதன் முடிவாகவும் ஆகிவிட்டது.

சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி வைத்தியசாலைப் பணிப்பாளர் ஒயிகென் புளொய்லர் இந்தப் பெயரை ஏற்கவில்லை. எல்லோருக்கும் நோய் இளமையில் வருவதில்லை, எல்லோரும் தேய்ந்து போவதுமில்லை என்று கண்ட அவர், 1908இல் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்ற சொல்லை முன்வைத்தார். 1911இல் அதுபற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். நாம் உளப்பிளவு நோய் என்பது இச்சொல்லின் தமிழாக்கமே. தமிழ்நாட்டில் மனச்சிதைவு என்கிறார்கள். பிளவு, சிதைவு என்ற சொற்களைக் காதில் வாங்கும் ஒரு தாய்க்கு என்ன தோன்றும் என்பதைப் பெயரிட்டவர்கள் அதிகம் யோசிக்கவில்லைப் போலும். ஜப்பானில் யோசித்தார்கள். நோயாளர் குடும்பங்களின் சங்கம் விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து, 2002இல் அங்கே 'மனம் பிளந்த நோய்' என்ற பழைய பெயர் கைவிடப்பட்டு, 'ஒருங்கிணைவுக் குறைபாடு' என்ற பொருள்தரும் புதிய பெயர் வந்தது.

சூரிச்சின் கதை அத்தோடு முடியவில்லை. புளொய்லரின் மகன் மன்பிரெட் அந்த வைத்தியசாலை வளவிலேயே வளர்ந்தவர். 1942இல் தந்தையின் பழைய பதவிக்கு வந்த அவர், தாம் அங்கு பார்த்த 208 நோயாளர்களை வீடுவரை பின்தொடர்ந்தார். இருபது வருடங்களுக்கு மேலாக, அவர்கள் வேலைக்குப் போனார்களா, கல்யாணம் முடித்தார்களா, மீண்டும் விழுந்தார்களா என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். 1972இல் அவர் வெளியிட்ட முடிவு தந்தையின் தலைமுறையைத் திருத்தியது. சராசரியாக முதல் ஐந்து வருடங்களுக்குப் பின்னர் நோய் மேலும் மோசமாவதில்லை. அதன் பிறகு முன்னேற்றமே அதிகம். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுமையாகவும் நிலையாகவும் தேறியிருந்தார்.

வைத்தியசாலைக்குள் இருக்கும் வைத்தியர் யாரைப் பார்க்கிறார்? தேறாதவரை, அல்லது மறுபடி விழுந்து திரும்பி வந்தவரை. தேறியவர் ஏன் அங்கே போகிறார்? பாதியில் கல்வியை விட்ட மாணவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியன் இந்த ஊரில் யாருமே படிக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது இது. நம்பிக்கையின்மை ஒரு கண்டுபிடிப்பாகக் கருதப்பட்டது. உண்மையில் அது பெருமளவுக்கு ஓர் எண்ணிக்கைப் பிழை.

வெர்மோண்டின் 269 பேர்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மோண்ட் என்றொரு சிறு மாநிலம். அதன் அரச மனநோய் வைத்தியசாலை வோட்டர்பரி என்ற ஊரில் இருந்தது. 1952இல் பாரிஸ் நகரில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்ட குளோர்புரோமசீன் என்ற மருந்து 1950களின் நடுப்பகுதியில் அங்கும் வந்து சேர்ந்தது. பலர் தேறி வீடு சென்றார்கள். மருந்துக்குப் பின்னும் பின்விடுதிகளில் தங்கிப்போனவர்கள் இருந்தார்கள். சராசரியாக ஆறு வருடங்களைத் தொடர்ச்சியாக வைத்தியசாலையில் கழித்தவர்கள் அவர்கள்.

டொக்டர் ஜோர்ஜ் புரூக்ஸ் என்பவர் 1955 முதல் இந்தக் கைவிடப்பட்டவர்களுக்காகவே ஒரு புனர்வாழ்வுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் அதிசயமான எதுவும் இல்லை. என்ன வேண்டும் என்று நோயாளர்களிடமே கேட்டார்கள். தொழில் பழக்கினார்கள், ஊருக்குள் இடைத்தங்கல் வீடுகள் அமைத்தார்கள், வேலை தேடிக் கொடுத்தார்கள், வெளியே போன பின்பும் கைவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இவ்வாறு 269 பேர் வெளியேறினார்கள்.

பல வருடங்களின் பின்னர் கோர்ட்னி ஹார்டிங் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அந்த 269 பேரையும் தேடிப் புறப்பட்டார்கள். தாதியாகத் தொழில் தொடங்கியவர் ஹார்டிங். 262 பேரைப் பற்றிய விபரங்களை அக்குழுவினர் கண்டெடுத்தார்கள். அப்போது சராசரியாக 32 வருடங்கள் கடந்திருந்தன. 1987இல் வெளிவந்த முடிவுகள் மருத்துவ உலகை வியக்க வைத்தன. உளப்பிளவு நோயாளர் என்று கடுமையான அளவுகோலின்படி உறுதிசெய்யப்பட்டவர்களுள் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடைப்பட்ட தொகையினர் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தார்கள், அல்லது முற்றாகத் தேறியிருந்தார்கள். எவருமே தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட பின்விடுதிக்காரர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதே குழுவினர் 1995இல் இன்னொரு ஒப்பீட்டையும் வெளியிட்டார்கள். மெயின் மாநிலத்திலிருந்து வயது, பால், நோய்க்காலம் ஆகியவற்றில் வெர்மோண்டுக்காரரை ஒத்த நோயாளர்களைத் தெரிவுசெய்து ஆராய்ந்தார்கள். அங்கே புரூக்ஸினுடையதைப் போன்ற திட்டம் இருக்கவில்லை. மெயினிலும் பலர் தேறியிருந்தார்கள். ஆனால் வெர்மோண்டில் நன்றாக வாழ்ந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர் என்றால், மெயினில் பாதியளவினர்தான். காலம் மட்டுமே ஒரு பங்கு வேலையைச் செய்திருக்கிறது. மனிதர் கைகொடுத்தபோது அது கூடியிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். தேறுதல் என்பதை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். நோய்க்குறிகளும் அடங்கி, சமூக வாழ்வும் சீராகி, அந்நிலை குறைந்தது இரண்டு வருடங்களாவது நீடிக்க வேண்டும் என்ற கடும் அளவுகோலை வைத்து 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஏறத்தாழ ஏழில் ஒருவரே அவ்வாறு தேறுவதாக 2013இல் எழுதினார்கள். ஆகவே எல்லோருக்கும் சுகமாகும் என்று மார்தட்ட முடியாது. அந்த ஏழில் ஒருவருக்கு அப்பால், நோயோடேயே தலைநிமிர்ந்து வாழக் கற்றவர்கள் ஏராளம். 17 வயதில் இந்நோய் இருப்பதாகச் சொல்லப்பட்ட பற்றீசியா டீகன் பின்னர் உளவியலாளரானார். 1988இல் எழுதிய கட்டுரையில், மீட்சி என்பதை நோய் முற்றாக நீங்குதல் என்று கொள்ளாமல், அதன் எல்லைகளை ஏற்றுக்கொண்டு வாழ்வை மீளக் கட்டும் பயணமாக அவர் விளக்கினார். கலிபோர்னியாவில் சட்டப் பேராசிரியராக இருக்கும் எலின் சாக்ஸ் தமது நோயைப் பற்றி 2007இல் நூல் எழுதினார். மருந்தை நிறுத்திப் பார்க்கும் முயற்சிகள் தம்மை எத்தனை முறை வீழ்த்தின என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எமது பக்கம்

இந்நோயின் போக்கைப் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நகரங்களில் ஆய்வொன்றைத் தொடங்கியது. லண்டன், வாஷிங்டன், மொஸ்கோ ஆகியவற்றோடு இந்தியாவின் ஆக்ராவும் நைஜீரியாவின் இபதானும் அதிலிருந்தன. வசதி குறைந்த ஆக்ராவிலும் இபதானிலும் நோயாளர்கள் கூடுதலாகத் தேறியிருந்தமை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அந்த முடிவைப் பொதுவிதியாகக் கொள்ளலாமா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியுள்ளார்கள், அதுவும் நியாயமே.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. நான்சி வக்ஸ்லர் என்ற சமூகவியலாளர், முதன்முறையாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட இலங்கை நோயாளர்களை ஐந்து வருடங்களின் பின்னர் தேடிப் பார்த்து 1979இல் ஆய்வொன்றை வெளியிட்டார். முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் என்னை வாப்பும்மாவின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. நோய் வெளியிலிருந்து வந்ததென்று நம்பும் சமூகத்தில் நோயாளியின் மீது பழி விழுவதில்லை. பரிகாரம் செய்தாயிற்று, இனிச் சுகமாகிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். குடும்பம் அவரைத் தன் வேலைகளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வாப்பும்மா கட்டிய நூல் சாச்சாவின் நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் அவர் ஒருநாளும் சாச்சாவை 'விசரன்' என்று சொன்னதில்லை. 'புள்ளைக்கு வருத்தம்' என்றே சொன்னார். சோற்றைத் தட்டிவிட்டாலும் மறுவேளைக்கும் அந்தப் பீங்கானில் சோறு போடப்பட்டது.

அதே நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் இருப்பதை 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி காட்டியது. தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளர்களை வைத்துப் பராமரித்த தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குப் பின்கட்டுத் தூண்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் தீப்பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

டமஸ்கஸில் 1154இலும் கெய்ரோவில் 1284இலும் எழுந்த மாரிஸ்தான்களைப் பற்றி நாம் பெருமையோடு எழுதுகிறோம். எதிர்னே நகரில் 1488இல் நிறைவெய்திய சுல்தான் பாயஸீதின் வைத்தியசாலையில், மனநோயாளருக்கு இசையும் நறுமணமும் நீரோசையும் மருந்தாக வழங்கப்பட்டதைப் பயணி எவ்லியா செலெபி பதிந்திருக்கிறார். பெருமைக்குரிய விடயம்தான். ஆனால் அதே செலெபி அங்கு கண்ட சங்கிலிகளையும் குறிப்பிடுகிறார். முன்னோர் கட்டிய மாரிஸ்தானைப் பேசும் நாம், நம் பின்கட்டில் நடந்ததையும் பேசினால்தான் அது வரலாறாகும்.

தமிழ்பேசும் உலகில் நம்பிக்கையான ஒரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதற் பெண் மனநல வைத்தியரான சாரதா மேனன், சென்னை கீழ்ப்பாக்கம் மனநோய் வைத்தியசாலையின் கண்காணிப்பாளராகப் பல வருடங்கள் கடமையாற்றி ஓய்வுபெற்றவர். 1984இல் அவர் உளப்பிளவு நோயாளரின் புனர்வாழ்வுக்காகவே 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். அங்குள்ள ஆய்வாளர்கள் சென்னையில் முதன்முறை நோயுற்ற 90 பேரைப் பல்லாண்டு காலம் பின்தொடர்ந்து, இங்கும் பலர் வேலையோடும் குடும்பத்தோடும் வாழ்வதைப் பதிவுசெய்தார்கள். சூரிச்சில் மன்பிரெட் செய்ததைத் தமிழில் பேசும் நோயாளர் மத்தியில் செய்தவர்கள் இவர்கள்.

எண்ணப்படாத ஒருவர்

1986இல் என் தாத்தாவுக்குக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். குடும்பத்தில் 'அப்படியான ஆள்' இருப்பது தெரிந்தால் காரியம் முறிந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். யாரும் வாய் திறக்கவில்லை. சாச்சா தானாகவே சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் வட்டைக்குப் போறன் மகன். அவங்க போன பொறகு சொல்லியனுப்புங்க."

'போக வேண்டாம் சாச்சா' என்று நான் சொல்லவில்லை. அப்போது நான் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலில் இருந்தவன். அந்தக் கல்யாணச் செலவுக்கு விற்ற நெல் சாச்சா விளைவித்தது.

1990ஆம் ஆண்டின் அந்த ஓகஸ்ட் மாதத்தை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாதைகள் அடைபட்டன, குளிசை தீர்ந்தது. சில வாரங்களில் சத்தங்கள் திரும்பி வந்தன. பதினைந்து வருடங்கள் தேறியிருந்த மனிதர் மறுபடியும் விழுந்தார். இம்முறை வாப்பா சங்கிலியை எடுக்கவில்லை. இரவுகளில் சாச்சாவின் பாயருகே தானும் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். பாதை திறந்தவுடன் குளிசை வந்தது. மீண்டும் வரம்பு, கிளி, நீர் என்று அதே வரிசையில் அவர் எழுந்து வந்தார். 2005இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை சேவைகளை மாவட்டங்களுக்குப் பரவலாக்கியது. அதன் பின்னர் பக்கத்து ஊர் கிளினிக்கிலேயே மாதாந்த ஊசி கிடைத்தது. சாச்சா தனியாக பஸ்ஸில் போய் வந்தார். 2009இல் மாரடைப்பால் மௌத்தானார். அவரது ஜனாஸாவைச் சுமக்க, அவர் கையால் கூலி வாங்கியவர்கள் முண்டியடித்தார்கள்.

எந்த ஆய்வாளரும் அவரைத் தேடி வரவில்லை. அவர் எந்த எண்ணிக்கையிலும் சேரவில்லை. நோயுற்றவராக ஒருமுறை பதியப்பட்டார். 35 வருடங்கள் வாழ்ந்தவராக எங்கும் பதியப்படவில்லை. அதற்கு ஆய்வாளரை மட்டும் குறைசொல்ல முடியாது. அவரை வட்டைக்கு அனுப்பிவைத்து மறைத்தது நாம்தான். எத்தனை வீடுகளில் எத்தனை பேரை இப்படி மறைத்து வைத்திருக்கிறோம்? நோய் வந்ததை ஊர் பார்க்கிறது. தேறியதை நாமே மூடிவிடுகிறோம். பிறகு, இந்த வருத்தம் வந்தவர் சுகமான வரலாறு உண்டா என்று ஒரு தாய் கேட்கும்போது தலைகுனிகிறோம்.

இவற்றையெல்லாம் படித்து முடித்த பின்னர் ஒருநாள் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். வெர்மோண்டைப் பற்றியும் சூரிச்சைப் பற்றியும் சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் கேட்டது சாச்சாவைப் பற்றித்தான். எத்தனை வருடத்தில் வேலைக்குப் போனார், குளிசையால் கை நடுங்கியதா, இரண்டாம் முறை விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தூணையும் சங்கிலியையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. என் மாணவன் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்பது, நான் எழுந்து புறப்படும்போதுதான் தெரிந்தது.

"சேர், உங்கட சாச்சாக்கு என்ன பேரு?" என்று அவன் கேட்டான்.

சொன்னேன். என் வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் நான் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை.